மானாவாரிக் கரிசலில் மீண்டும் குதிரைவாலி: விதைக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: பேரையூர்_மானாவாரி

வணக்கம். மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. மூன்று ஏக்கர் கரிசல். மீதி ஓடையை ஒட்டிய சரளைச் செம்மண். கிணறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை பெய்தால் வெள்ளாமை, பொய்த்தால் தரிசு என்பதுதான் நிலவரம். தாத்தா காலத்தில் குதிரைவாலியும் வரகும் இருங்குச்சோளமும் விளைந்த காடு இது. பிறகு பருத்திக்கு மாறியது. அண்மைக் காலமாக முழுக்க மக்காச்சோளம்.

மழை ஒழுங்காகக் கிடைத்த ஆண்டுகளில் மக்காச்சோளம் நன்றாகவே கொடுத்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2018இல் படைப்புழு வந்த பிறகு மருந்துச் செலவு கட்டுப்படியாகவில்லை. பூ எடுக்கும் சமயத்தில் மழை இரண்டு வாரம் பின்வாங்கினால் கதிரில் மணி பிடிப்பதில்லை. போதாக்குறைக்குக் காட்டுப்பன்றிகள் வேறு. ஆகவே இந்தப் புரட்டாசியில் ஒரு பகுதியிலாவது குதிரைவாலியோ வரகோ விதைக்கலாம் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இதற்கு ஆதரவு இல்லை. அம்மா சொல்லும் காரணங்கள் இரண்டு: பயிரும் புல்லும் ஒன்றுபோலவே இருப்பதால் களையெடுப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும் என்பது ஒன்று, விளைந்த பிறகு உரலில் குத்தி உமி போக்குவதற்கு இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மற்றொன்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஊர் அரிசி ஆலையில் கேட்டபோது, இவ்வளவு சின்ன மணியை அவர்கள் இயந்திரத்தில் அரைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

எந்த மண்ணுக்கு எந்தத் தானியம், களைத் தொல்லையைக் குறைக்க வழி உண்டா, அரிசியாக்குவது எங்கே, மிச்சத்தை யாரிடம் விற்பது ஆகியவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். சிறுதானியத்தின் மருத்துவக் குணங்கள் பற்றிய செய்திகள் கைப்பேசியில் தினமும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை இங்கே தவிர்த்துவிட வேண்டுகிறேன்.


பதில்: திருச்சுழிக்_காட்டுக்காரர்

கரிசலுக்குக் குதிரைவாலி, சரளைக்கு வரகு என்பது எங்கள் பக்கத்துப் பழைய கணக்கு. இன்றும் அது சரியாகத்தான் இருக்கிறது. குதிரைவாலி வறட்சியைத் தாங்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். கரிசல்காரனுக்கு அதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு: கார்த்திகையில் அடைமழை பிடித்து, கால் வைத்தால் புதையும் அளவுக்கு நிலம் ஊறிக் கிடக்கும் நாட்களிலும் அது அழுகாமல் நிற்கும். மக்காச்சோளம் அந்த ஈரத்தில் மஞ்சள் பூத்துவிடும். மழை குறைந்தாலும் கூடினாலும் ஏதோ ஒரு விளைச்சல் வீட்டுக்கு வரும் என்பதால்தான் விருதுநகர், இராமநாதபுரம் பக்கத்துக் கரிசலில் அது முழுவதுமாக அழியாமல் இருக்கிறது. வயதும் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து நாள்தான். வரகுக்கு நூறிலிருந்து நூற்றிருபது நாள் வரை ஆகும், ஆகவே தை மாதத்துப் பனி ஈரத்தை நம்பித்தான் அது முற்ற வேண்டியிருக்கும்.

புரட்டாசிக் கடைசியில், மழை விழுவதற்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுவது நல்லது. முதல் நல்ல மழையிலேயே முளைத்துவிட்டால், பயிர் களையை முந்திக்கொள்ளும். மழைக்குக் காத்திருந்து விதைத்தால் கரிசலில் டிராக்டர் இறங்குவதற்கே ஒரு வாரம் போய்விடும். விதையை ஓர் அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் போடக் கூடாது; இவ்வளவு சிறிய மணிக்குள் அதற்கு மேல் முட்டி மேலே வரும் தெம்பு இருக்காது. விதைத்தபின் முள்செடியை இழுத்து மூடுவது பழைய முறை. பலகை போட்டாலும் போதும்.

களை விஷயத்தில் உங்கள் அம்மா சொல்வது முழுக்க உண்மை. காட்டில் தானாக முளைக்கும் குதிரைவாலிப் புல்லும் இந்தப் பயிரும் நெருங்கிய உறவு. அந்தப் புல்லிலிருந்துதான் முன்னோர்கள் இதைப் பயிராக்கினார்கள். இளம்பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே கடினம். கைவிதைப்பாகத் தூவினால் எது பயிர், எது புல் என்று கதிர் வரும்வரை தெரியாது. அதற்கு ஒரே வழி வரிசை விதைப்புதான். டிராக்டரில் பூட்டும் விதைக்கும் கருவியைக் கொண்டு, வரிசைக்கு வரிசை ஏறக்குறைய முக்கால் அடி இடைவெளியில் விதைத்தால், வரிசைக்கு வெளியே நிற்பது எல்லாம் களை என்று கண்ணை மூடிக்கொண்டு கொத்தலாம். விதையும் மிச்சமாகும், ஏக்கருக்கு நான்கு கிலோ போதும், தூவுபவர்கள் அதைப்போல் இரண்டு மடங்கு செலவழிக்கிறார்கள். பதினைந்து, இருபது நாளில் ஒரு களையும், தேவைப்பட்டால் நாற்பது நாளுக்குள் இன்னொன்றும் எடுங்கள். அதற்கு மேல் பயிர் தூர் கட்டி நிலத்தை மூடிவிடும்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் நீங்கள் ஒருவர் மட்டும் விதைத்தால், சுற்றுவட்டாரத்துக் குருவிகளும் கிளிகளும் மயில்களும் உங்கள் காட்டுக்குத்தான் வரும். முன்பு ஊரே விதைத்ததால் ஆளுக்குக் கொஞ்சம் என்று சேதம் பங்கிடப்பட்டது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேரையாவது ஒரே வாரத்தில் விதைக்கச் சம்மதிக்க வைப்பது, எந்த உரத்தையும்விடப் பயன் தரும். அது முடியாவிட்டால் பால் பிடிக்கும் பருவத்திலிருந்து காவலுக்கு ஆள் வேண்டும்.

உமி நீக்குவது பற்றி நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. நாங்கள் தானியமாகவே வியாபாரிக்குப் போட்டுவிடுகிறோம். அவர் சொல்வதுதான் விலை.


பதில்: கொல்லிமலைச்_சாமை

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், மகளிர் குழு நடத்தும் சிறு ஆலை ஒன்றில் வேலை பார்த்து வருகிறேன். எங்கள் தானியம் சாமை, உங்களுடையது குதிரைவாலி. மலையும் கரிசலும் வேறு வேறு. ஆனால் உங்கள் அம்மா எழுப்பிய இரண்டாவது கேள்வி எங்கள் மலையிலும் எழுப்பப்பட்டதுதான். அதற்குப் பதில் கிடைக்காத காலத்தில்தான் இங்கே சாமைக் காடுகள் மரவள்ளிக்கு மாறின.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், சேலத்திலும் நாமக்கல்லிலும் ஜவ்வரிசி ஆலைகள் பெருகி மரவள்ளிக்கு நல்ல விலை கிடைத்ததால் மக்கள் மாறினார்கள் என்று எழுதுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி. மரவள்ளியை வேரோடு பிடுங்கி வண்டியில் ஏற்றினால் வேலை முடிந்தது. சாமையோ களத்திலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பெண்களுக்கு வேலையே தொடங்கும். காயவைத்து, உரலில் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தி, மறுபடியும் புடைத்து ஒரு வேளைச் சோற்றுக்கான அரிசி எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ரேஷனில் நெல்லரிசி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், அந்த வேலையைச் செய்து வந்தவர்கள் அதைக் கைவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேழ்வரகு இன்னும் பரவலாகப் பயிராவதற்குக் காரணம்கூட இதுதான்: அதன் மணியில் பிரிக்க வேண்டிய உமி கிடையாது, அடித்துத் தூற்றினால் நேரே மாவு அரைத்துவிடலாம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஐந்துக்கும் உமி மணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும்; வரகுக்கு அது பல அடுக்கு.

1990களின் பிற்பகுதியிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை செய்தது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, சடஞ்சாமை, திரிகுலச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று காலம் கூடியதும் குறைந்ததுமாக எங்களிடம் இருந்த விதைகளை, தொம்பை எனும் தானியக் குதிரில் வைத்துக் காத்த பழைய வழக்கத்தை ஒட்டிக் கிராம விதை வங்கிகளாகத் திரட்டினார்கள். ஆனால் விதையைக் காப்பாற்றியதைவிட, ஊருக்குள் சிறு உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து குழுக்களிடம் ஒப்படைத்ததுதான் பெரிய மாற்றம் என்பது என் கருத்து. சாப்பிட முடிகிற வீட்டில்தான் விதையும் தங்கும்.

இயந்திரம் பற்றி உங்களுக்குத் தேவையானதைச் சொல்கிறேன். நெல் ஆலையின் ரப்பர் உருளைகளுக்கு இடையில் இவ்வளவு சிறிய மணி சிக்காமல் நழுவும், இல்லையென்றால் நொறுங்கும். ஆகவே உங்கள் ஊர் ஆலைக்காரர் சொன்னது நியாயம்தான். சிறுதானியத்துக்கான இயந்திரத்தில் மணி வேகமாகச் சுழற்றி வீசப்பட்டு, சுவரில் மோதி உமி கழலும். கோயம்புத்தூரில் இவற்றைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இயந்திரம் ஒன்று மட்டும் போதாது. முன்னால் கல் நீக்கும் கருவியும் பின்னால் உமியை ஊதித் தள்ளும் விசிறியும் சல்லடையும் இருந்தால்தான் விற்கக்கூடிய அரிசி வரும். முதல் சுற்றில் உமி கழலாத மணிகளைச் சலித்தெடுத்து இரண்டாம் முறை விட வேண்டும். நூறு கிலோ சாமை கொடுத்தால் அறுபது கிலோவை ஒட்டி அரிசி திரும்பும். குதிரைவாலிக்கு அதைவிடச் சற்றுக் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் உமி கழலாது, அளவுக்கு மீறிக் காய்ந்தால் குருணை கூடும். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைவதுதான் எங்கள் குழுவில் அளவுகோல்.

இன்னொன்று: அரிசியாக்கிய பிறகு அதிக நாள் தாங்காது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும். தானியமாகவே இருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆகவே மொத்தத்தையும் ஒரே நாளில் அரைத்து வைக்காமல், தேவைக்கு ஏற்ப அரையுங்கள். கடையில் வெள்ளை வெளேரென்று மின்னும் சாமை அரிசியும் குதிரைவாலி அரிசியும் அப்படி இருப்பது, தவிடு போனால்தான் அலமாரியில் நாள்கணக்கில் தாங்கும் என்பதற்காகத்தான்.

விதைப்பதற்கு முன்பே, உங்கள் வீட்டிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பும் தொலைவில் இத்தகைய இயந்திரம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள். உங்கள் பேரையூர்ப் பகுதியில் தானம் அறக்கட்டளை என்ற தொண்டு நிறுவனம் சிறுதானியத் திட்டங்களை நடத்தியிருக்கிறது. அங்கிருந்து விசாரணையைத் தொடங்கலாம். இயந்திரம் இல்லையென்றால் அரை ஏக்கருக்கு மேல் விதைக்காதீர்கள்.


பதில்: கல்லுப்பட்டி_வெள்ளாமை

மற்றவர்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் பணக் கணக்கை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஓரளவு மழை கிடைத்தால் மக்காச்சோளம் ஏக்கருக்குப் பதினைந்து குவிண்டாலுக்குக் குறையாது. குதிரைவாலி நன்றாக விளைந்தால் ஐந்து, ஆறு குவிண்டால். கிலோவுக்குக் கிலோ குதிரைவாலி விலை கூடுதல்தான், ஆனால் மூன்று மடங்கு கூடுதல் கிடையாது. மக்காச்சோளத்துக்கு நாமக்கல், பல்லடம் கோழித் தீவனக்காரர்கள் எப்போதும் வாங்குவதற்கு நிற்கிறார்கள். எடை போட்ட அன்றே பணம் பேசலாம். குதிரைவாலி தை, மாசியில் ஊரெல்லாம் ஒன்றாகக் களத்துக்கு வரும்போது வியாபாரி விலையை இறக்கிவிடுவார். ஆடி மாதம் அதே தானியம் நல்ல விலைக்குப் போகும், ஆனால் அதுவரை இருப்பு வைத்திருக்கும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

2018ஐ இந்திய அரசு சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்தில் உணவுத் திருவிழாக்கள் நடந்தன. ஆனால் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் சிறுதானியங்களில் சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றுதான் உள்ளன. குதிரைவாலி, சாமை, வரகு, தினை ஆகியவற்றுக்கு இடமில்லை. சத்தீஸ்கர் மாநில அரசு வரகுக்கும் சாமைக்கும் தானே விலை வைத்துக் கொள்முதல் செய்தது. தமிழ்நாட்டில் 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள்; அதனால் கேழ்வரகு விவசாயிக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. குதிரைவாலிக்கு அப்படி எந்தப் பிடிமானமும் கிடையாது. நாம் விளைவிக்கும் தானியத்தில் பெரும்பகுதி லாரி ஏறி மகாராட்டிரத்தின் நாசிக் வரை சென்று, அங்கே அரிசியாகி, பையில் அடைபட்டு மதுரைக் கடைக்கே திரும்பி வந்த காலம் ஒன்று இருந்தது. அந்த நிலை இன்னும் முழுவதும் மாறிவிடவில்லை. அந்த லாரி வாடகையும் இடைத்தரகும் யார் தலையில் விழுகின்றன என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் குதிரைவாலியை விட்டுவிட்டு மக்காச்சோளத்துக்கே திரும்பினேன். நீங்கள் விதைப்பதானால் வருமானத்துக்கு மக்காச்சோளத்தைக் கொஞ்சமாவது வைத்துக்கொள்ளுங்கள்.


பதில்: பேரையூர்_மானாவாரி

மூவருக்கும் மிகுந்த நன்றி. கொல்லிமலை அம்மாவின் பதிலை என் அம்மாவுக்கு முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். பெண்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை என்ற இடத்தில் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள். கல்லுப்பட்டி அண்ணன் எழுதிய கணக்கும் எனக்கு உறைத்தது.

இப்போதைக்கு ஒரு ஏக்கர் கரிசலில் குதிரைவாலி, சரளையில் கொஞ்சம் வரகு, மீதியில் மக்காச்சோளம் என்று நினைத்திருக்கிறேன். விதை எங்கே வாங்குவது, எந்த ரகம், உரம் எவ்வளவு என்பதையும் யாராவது சொன்னால் நல்லது. வரகு சாப்பிட்டு மயக்கம் வந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையா, வெறும் பயமா என்பதும் தெரிய வேண்டும்.


பதில்: ஓய்வுபெற்ற_வேளாண்_அலுவலர்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. வரகு மயக்கம் உண்மை. தென் மாவட்டங்களில் அதைக் கிறுக்கு வரகு என்பார்கள். வரகு முற்றும்போதோ அறுத்துப் போட்டிருக்கும்போதோ மழையில் நனைந்து ஈரமாகவே கிடந்தால், மணியில் ஒருவகைப் பூஞ்சை பிடித்து நஞ்சைச் சுரக்கும். சாப்பிட்டவர்களுக்குத் தலைசுற்றல், வாந்தி, உடல் நடுக்கம் உண்டாகும், கால்நடைகளுக்கும் அப்படித்தான். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் பத்து யானைகள் இறந்ததற்கு, பூஞ்சை பிடித்த வரகை மேய்ந்ததே காரணம் என்று ஆய்வகச் சோதனையில் தெரியவந்தது. ஆகவே வரகில் குற்றம் இல்லை, ஈரத்தில்தான் குற்றம். உங்கள் பகுதியில் வரகு மார்கழி, தையில் முற்றுவது ஒரு வகையில் பாதுகாப்பு. ஆனாலும் அந்த நேரத்தில் மழை பிடித்து நனைந்த கதிரை வீட்டுக்கும் வைக்காதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். நிறம் மாறிய மணி கலந்த குவியலைப் புடைத்துச் சுத்தம் செய்து சாப்பிடலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

குதிரைவாலியில் மதுரை வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட எம்.டி.யு. 1 உங்கள் பகுதிக்குப் பொருந்தும். கோயம்புத்தூர் வெளியீடான கோ (கேவி) 2 ரகமும் பரவலாகச் செய்யப்படுகிறது. விதைக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை முதலில் கேளுங்கள். தமிழ்நாடு சிறுதானிய இயக்கத்தின் கீழ் மானியமும் இருக்கக்கூடும். சாமை, தினை, பனிவரகு, வரகு ஆகியவற்றுக்கு திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையம் ஏ.டி.எல். என்ற பெயரில் ரகங்களை வெளியிட்டு வருகிறது. இவை எதுவும் வீரிய ஒட்டு ரகம் அல்ல என்பதால், முதல் ஆண்டு வாங்கிய விதையிலிருந்தே நல்ல கதிராகப் பார்த்து ஒதுக்கி அடுத்த ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். மக்காச்சோளத்துக்கு ஆண்டுதோறும் விதைப் பைக்குக் கொடுக்கும் பணம் இதில் கிடையாது. கல்லுப்பட்டி நண்பர் தம் கணக்கில் இதையும் மருந்துச் செலவையும் கழித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைவிட முக்கியமாக, அவர் சொன்ன பதினைந்து குவிண்டால் மழை பெய்த ஆண்டின் கணக்கு. மழை தவறிய ஆண்டில் மக்காச்சோளத்தில் தட்டைதான் மிஞ்சும்; குதிரைவாலியில் வீட்டுச் சோற்றுக்காவது மிஞ்சும், வைக்கோலையும் மாடு விரும்பித் தின்னும். மானாவாரிப் பயிரை நல்ல ஆண்டின் விளைச்சலைக் கொண்டு மதிப்பிடுவது எனக்கு உடன்பாடில்லை. இருப்பினும், கொள்முதல் விலை இல்லை என்ற அவருடைய குற்றச்சாட்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. 1950களின் நடுவில் இந்தியா முழுவதும் ஐம்பது இலட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த குறுந்தானிய (சாமை, வரகு, குதிரைவாலி போன்ற சிறுமணித் தானியங்கள்) பரப்பு இன்று அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிப் போனதற்கு, நெல்லுக்கும் கோதுமைக்கும் கொள்முதல், ரேஷன், பாசனம் என்று எல்லாம் ஒரே பக்கம் குவிந்ததுதான் காரணம். நான் பணியில் இருந்த துறையும் அதில் பங்கெடுத்தது.

உரத்தைப் பொறுத்தவரை, சிபாரிசு ஹெக்டேருக்கு 44 கிலோ தழைச்சத்தும் 22 கிலோ மணிச்சத்தும். தொழுவுரம் தாராளமாகப் போட முடிந்தால் இதில் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம். மக்காச்சோளத்துக்குப் போட்டுப் பழகிய கையால் யூரியாவை வீசிவிட்டால், தண்டு மெலிந்து உயர்ந்து, முதல் காற்றிலேயே சாய்ந்துவிடும்; சாய்ந்த குதிரைவாலியை அறுப்பது பெரும்பாடு. பூச்சிமருந்து பெரும்பாலும் தேவைப்படாது. கரிப்பூட்டை நோய் மட்டும் விதை வழியாக வரும்; மணிக்குப் பதில் கரித்தூள் நிரம்பிய கதிரைக் கண்டால் பிடுங்கி எரித்துவிடுங்கள், அந்த வயலிலிருந்து விதை எடுக்காதீர்கள்.

குதிரைவாலியோடு ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை போடுவதையும் யோசியுங்கள். குதிரைவாலி தையில் அறுவடையான பிறகு, கரிசலின் அடி ஈரத்தில் துவரை நின்று காய்க்கும். விற்பதற்குச் சிரமமில்லாத பொருள் அது.


பதில்: பேரையூர்_மானாவாரி

மிக்க நன்றி ஐயா. துவரை யோசனை வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவரும் அரை ஏக்கர் விதைப்பதாகச் சொல்லியிருக்கிறார். உமி நீக்கும் இயந்திரம் எங்கள் வட்டத்துக்குள்ளேயே ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடம் இருப்பதாகத் தெரிந்து நேரில் போய்ப் பார்த்தேன். கூலிக்கு அரைத்துத் தருவார்கள். ஆனால் தார்ச்சாலையில் போட்டு அடித்த தானியத்தை வாங்க மாட்டோம் என்கிறார்கள். இங்கே எல்லாரும் சாலையில்தானே போடுகிறார்கள்? மேலும், அவித்துக் காயவைத்துக் கொண்டுவந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். அது அவசியமா?


பதில்: கொல்லிமலைச்_சாமை

அவர்கள் சொல்வது இரண்டும் சரி. சாலையில் போட்டு வண்டி ஏற்றினால் மணியளவே உள்ள பொடிக்கல் கலந்துவிடும். அதைச் சல்லடையால் பிரிக்க முடியாது, கல் நீக்கும் கருவியிலும் ஒரு பங்கு தப்பிவிடும். இயந்திரத்தின் உட்புறத்தை அது தேய்த்துவிடும், சாப்பிடுபவர் பல்லையும் பதம் பார்க்கும். பெரிய தார்ப்பாய் ஒன்று வாங்கிக் காட்டிலேயே விரித்து, அதன்மேல் டிராக்டரை ஓட்டி அடியுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரோடு சேர்ந்து வாங்கினால் செலவு பாதியாகும். காயவைப்பதற்கும் அதுவே போதும்.

அவிப்பது கட்டாயம் இல்லை. அவித்தால் உமி எளிதாகக் கழலும், குருணை குறையும், அரிசியும் சில வாரங்கள் கூடுதலாகத் தாங்கும். ஆனால் நிறம் சற்று மங்கும், பச்சரிசியாகப் பொங்கல் வைப்பவர்களுக்குப் பிடிக்காது. வீட்டுத் தேவைக்கு உரியதை அவிக்காமலும், விற்பதற்கு உரியதில் ஒரு மூட்டையை அவித்தும் முதலில் அரைத்துப் பாருங்கள். அவித்த தானியத்தை ஒரே நாளில் கடும் வெயிலில் உலர்த்தாமல், முதல் நாள் வெயிலிலும் மறுநாள் நிழலிலும் உலர்த்தினால் விரிசல் விழாது. அரைத்த பிறகு உமியையும் தவிட்டையும் ஆலையிலேயே விட்டுவராமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தவிட்டை மாட்டுக்கு வைக்கலாம், உமி எருக்குழிக்கு ஆகும்.